விண்டோ எங்கே இருந்தது என்பதை கம்ப்யூட்டர் எப்படி நினைவில் வைக்கிறது?

#1 · இருதிரை

வணக்கம். லேப்டாப்போடு ஒரு பெரிய மானிட்டரைச் சேர்த்து வேலை செய்கிறேன். இடப்பக்கம் பெரிய மானிட்டர், வலப்பக்கம் லேப்டாப் திரை. கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் சில புரோகிராம்கள் விட்ட இடத்திலேயே வந்து நிற்கின்றன. சில, லேப்டாப் திரையின் ஒரு மூலையில் குவிந்துவிடுகின்றன. மெயில் புரோகிராம் மட்டும் ஓடுவதாக டாஸ்க்பார் சொல்கிறது, திரையில் எங்கே தேடினாலும் காணோம்.

அவசரத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, உள்ளே என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். இந்த நினைவு சிஸ்டத்துடையதா, அந்தந்த புரோகிராமுடையதா? எங்கே எழுதி வைக்கிறார்கள்?

#2 · தட்டச்சன்

அவசரத்துக்கு: விண்டோஸ் என்றால் ஆல்ட்+டேப் அழுத்தி அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஆல்ட்+ஸ்பேஸ், எம், ஏதாவது ஓர் அம்புக்குறி. இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வேண்டிய இடத்தில் ஒரு கிளிக். அது வேலைக்கு ஆகவில்லை என்றால் விண்டோஸ் கீ+ஷிஃப்ட்+இடது அல்லது வலது அம்பு, அடுத்த மானிட்டருக்கு அப்படியே தூக்கிப் போடும். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் ஆல்ட்+எஃப்7 அழுத்திவிட்டு அம்புக்குறியால் நகர்த்தலாம்.

மற்ற கேள்விகளுக்குத் தெரிந்தவர்கள் வருவார்கள்.

#3 · பழைய_வட்டு

யாருடைய நினைவு என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும், காலத்துக்குக் காலமும் மாறியிருக்கிறது.

1984ல் வந்த மேக்கின் ஃபைல் மேனேஜரான ஃபைண்டரில் ஒரு ஃபோல்டருக்கு ஒரே விண்டோ. எந்த இடத்தில், எந்த அளவில் மூடினோமோ அப்படியேதான் திறக்கும். அந்த விவரத்தை அந்த வட்டிலேயே எழுதி வைத்தார்கள். ஃபிளாப்பியை எடுத்துப்போய் வேறொரு மேக்கில் போட்டாலும் ஃபோல்டர் அதே இடத்தில் திறக்கும் என்று அர்த்தம். பெரும்பாலான மேக்குகளில் ஒரே அளவு திரை இருந்த காலத்தில் இது மிகச் சரியான முடிவு.

2004ல் க்னோம் 2.6 தன் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸை இதே வழிக்குக் கொண்டுவந்தது. ஆழமான ஃபோல்டருக்குப் போவதற்குள் திரை முழுக்க விண்டோ நிறைகிறது என்று பலர் முறையிட்டார்கள். 2010ல் 2.30 வந்தபோது, ஒரே விண்டோவுக்குள் ஃபோல்டர் மாறும் வழக்கமான உலாவி முறையே இயல்பானதாக ஆனது. எனக்கு இன்றுவரை ஃபோல்டருக்கு ஒரு விண்டோ என்ற அந்தப் பழைய முறை மேல் பிரியம் உண்டு. பொருள் வைத்த இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது அது.

விண்டோஸ் பக்கம் 3.1 காலத்தில் பெரும்பாலும் .ஐஎன்ஐ ஃபைல்கள்தான். சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பு, கீழே பெயர், சமக்குறி, மதிப்பு. நோட்பேடில் திறந்து நாமே திருத்தலாம். 1993ல் என்டி, 1995ல் விண்டோஸ் 95 வந்ததும், சிஸ்டமும் புரோகிராம்களும் செட்டிங்ஸை எழுதி வைக்கும் பொதுக் களஞ்சியமான ரிஜிஸ்ட்ரி அந்த இடத்தைப் பிடித்தது.

#4 · நிரல்_நீலா

விண்டோஸுக்கு டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுவது என் வேலை. இருதிரையின் கேள்விக்கு நேராகவே வருகிறேன்.

விண்டோஸில் ஒரு விண்டோவின் இடத்தை நினைவில் வைப்பது பெரும்பாலும் புரோகிராமின் பொறுப்பு. புரோகிராம் எதுவும் சொல்லாவிட்டால் சிஸ்டம் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு புது விண்டோவையும் முந்தையதிலிருந்து கொஞ்சம் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைக்கும். விட்ட இடத்தில் வர வேண்டும் என்றால் புரோகிராம் மூடும்போது இடத்தைக் கேட்டு எழுதி வைத்து, திறக்கும்போது படித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. விண்டோஸ் 10 வரை வந்த பழைய நோட்பேடைத் திறந்து நகர்த்தி மூடுங்கள். ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், நோட்பேட் என்று போனால் ஐவிண்டோபாஸ் என்று தொடங்கும் நான்கு பெயர்கள் இருக்கும்: எக்ஸ், ஒய், டிஎக்ஸ், டிஒய். முதல் இரண்டும் இடம், அடுத்த இரண்டும் அளவு. இரண்டு நோட்பேட் திறந்து வெவ்வேறு இடத்தில் வைத்து மூடினால், கடைசியாக மூடியதன் எண்கள்தான் அங்கே நிற்கும். ஒரே இடத்தில் எல்லாரும் எழுதினால் கடைசியில் எழுதியவர் வென்றுவிடுகிறார். பல புரோகிராம்களில் "ஒரு நாள் சரியாக வருகிறது, ஒரு நாள் வரவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி காணாமல் போகும் விண்டோ. விண்டோஸில் முதன்மை மானிட்டரின் இடது மேல் மூலைதான் 0,0. அதற்கு இடப்பக்கம் இன்னொரு மானிட்டர் இருந்தால் அதன் எக்ஸ் எண்கள் மைனஸில் போகும். 1920 பிக்ஸல் அகல மானிட்டர் என்றால் அதன் இடது ஓரம் -1920. புரோகிராம் அந்த எண்ணை எழுதி வைக்கிறது. நீங்கள் மானிட்டரைக் கழற்றுகிறீர்கள். அடுத்த முறை புரோகிராம் எதையும் சரிபார்க்காமல் -1920ல் திறக்கிறது. அங்கே இப்போது திரையே இல்லை.

இன்னொன்று, இதைவிட நுட்பமானது. விண்டோவை மினிமைஸ் செய்தால் சிஸ்டம் அதை -32000, -32000 என்ற இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. மினிமைஸ் நிலையிலேயே புரோகிராம் மூடப்பட்டு, அது கெட்விண்டோரெக்ட் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் இடத்தைக் கேட்டால் அந்த எண்தான் வரும். அதையே எழுதி வைத்தால், அடுத்த முறை எந்த மானிட்டரிலும் கிடைக்காது. ரிஜிஸ்ட்ரியில் மைனஸ் எண்கள் மைனஸாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தசம எண்ணாகப் பார்த்தால் -1920 என்பது 4294965376 என்று தெரியும், -32000 என்பது 4294935296 என்று தெரியும். உங்கள் மெயில் புரோகிராமின் செட்டிங்ஸில் இப்படி ஒரு பூதாகாரமான எண் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

சரியான வழி கெட்விண்டோபிளேஸ்மென்ட் என்ற ஃபங்ஷன். மினிமைஸ், மேக்ஸிமைஸ் எதில் இருந்தாலும், சாதாரண நிலையில் விண்டோ எங்கே இருந்தது என்பதைத் தனியாகக் கொடுக்கும். ஆனால் அது தரும் எண்கள் டாஸ்க்பாரைத் தவிர்த்த பரப்பிலிருந்து அளக்கப்படுபவை. அதை வாங்கி, முழுத் திரையிலிருந்து அளக்கும் செட்விண்டோபாஸிடம் கொடுத்தால், டாஸ்க்பாரை மேலே வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விண்டோ டாஸ்க்பாரின் உயரம் அளவுக்கு மேலே ஏறிக்கொண்டே போகும். கெட் எதுவோ செட்டும் அதன் ஜோடியாகவே இருக்க வேண்டும்.

#5 · இருதிரை

4294935296! அப்படியே இருக்கிறது, எக்ஸிலும் ஒய்யிலும். இரண்டையும் 100 என்று மாற்றிவிட்டுத் திறந்தேன், வந்துவிட்டது. மிக்க நன்றி நீலா.

சரி, அப்படியானால் சில புரோகிராம்கள் கேபிளை மறுபடி செருகியதும் தானாகவே பெரிய மானிட்டருக்குத் திரும்புகின்றனவே? அவற்றை நான் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

#6 · நிரல்_நீலா

அது சிஸ்டத்தின் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோக்களை மானிட்டர் போனதும் நகர்த்துவது, வந்ததும் திருப்புவது இரண்டையும் விண்டோஸ் 11 செய்யும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அதில் பல மானிட்டர்களுக்கான பகுதியில் மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இடங்களை நினைவில் வைக்க ஒரு டிக் இருக்கும். பக்கத்திலேயே, மானிட்டர் கழன்றால் அதிலிருந்தவற்றை மினிமைஸ் செய்ய இன்னொன்று.

இதற்குப் பின்னால் பல வருடக் கதை இருக்கிறது. டிஸ்பிளேபோர்ட்டில் இணைத்த பல மானிட்டர்களை வெறுமனே அணைத்தாலே கழற்றிவிட்டதாகவே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். மானிட்டர் தூங்கி எழுந்தாலும் அதே கதை. எல்லா மானிட்டரும் ஒரே நேரத்தில் போய்விட்டால் விண்டோஸ் ஒரு சிறிய கற்பனைத் திரையை உருவாக்கி எல்லாவற்றையும் அதில் அடைத்துவிடும். காலையில் வந்து பார்த்தால் எல்லா விண்டோவும் சுருங்கி இடது மேல் மூலையில் கிடக்கும்.

#7 · ஆப்பிள்தோட்டம்

மேக்கில் இந்தத் தொல்லை குறைவு, அதற்கு ஒரு காரணம் உண்டு. புரோகிராம் எழுதுபவர் விண்டோவுக்கு ஒரு சேமிப்புப் பெயர் மட்டும் கொடுத்தால் போதும், மிச்சத்தை ஆப்பிளின் ஆப்கிட் நூலகம் பார்த்துக்கொள்ளும். அது எழுதி வைக்கும் வரியைப் பார்த்தால் எட்டு எண்கள் இருக்கும். முதல் நான்கும் விண்டோவின் இடமும் அளவும். அடுத்த நான்கும் அப்போது இருந்த திரையினுடையவை. எந்தத் திரையில் இருந்தபோது இந்த இடம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கிறார்கள். திரை மாறியிருந்தால் அதற்கேற்ப உள்ளே தள்ள முடிகிறது.

2011ல் லயன் (10.7) வந்தபோது இன்னும் ஒரு படி போனார்கள். புரோகிராமை மூடித் திறந்தால் திறந்திருந்த விண்டோக்கள் எல்லாம் திரும்ப வரும். பிடிக்காதவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: செட்டிங்ஸ் இருக்கும் பிலிஸ்ட் ஃபைலை எடிட்டரில் நேரடியாகத் திருத்தினால் மாற்றம் நிலைக்காமல் போகலாம். மேக்கில் அந்த மதிப்புகளை ஒரு பின்னணிச் சேவை தன் நினைவகத்தில் வைத்திருக்கும். டெர்மினலில் டிஃபால்ட்ஸ் கட்டளை மூலம் மாற்றுவதே பாதுகாப்பு.

#8 · பென்குவின்_தம்பி

நீலா சொல்வது பழைய உலகத்து வழி. ஒவ்வொரு புரோகிராமும் திரையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதே தவறு என்பது என் கட்சி. 1920ஐயும் -32000ஐயும் மெயில் புரோகிராம் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்?

லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய அமைப்பான எக்ஸ்11 காலத்திலேயே இந்த இழுபறி உண்டு. "-ஜியாமெட்ரி 80x24+100+50" என்று கொடுத்தால் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் 80 எழுத்து அகலம், 24 வரி உயரத்தில், இடமிருந்து 100, மேலிருந்து 50 பிக்ஸல் தள்ளி நிற்கும். கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் போட்டால் வலப்பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் அளக்கும். இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், இடத்தைக் கேட்டது பயனரா, புரோகிராம் தானாகக் கேட்டதா என்று, விண்டோக்களை இடம் பார்த்து வைக்கும் விண்டோ மேனேஜருக்குத் தெரியும்படி இரண்டு தனிக் குறிகள் வைத்தார்கள். பயனர் கேட்டால் மதிக்கலாம், புரோகிராம் கேட்டால் யோசிக்கலாம்.

எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலேண்ட் இந்தக் கேள்வியையே முடித்துவைத்துவிட்டது. சாதாரண விண்டோ ஒன்றுக்குத் தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. கேட்கவும் முடியாது, "இங்கே வை" என்று சொல்லவும் முடியாது. அளவு மட்டும் அதன் கையில். இடம் முழுக்க முழுக்க, எல்லா விண்டோக்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் கம்பாசிட்டரின் பொறுப்பு. எந்த மானிட்டர் இருக்கிறது, எது போனது என்று தெரிந்தவர் அவர்தான். அவரே நினைவில் வைக்கட்டும்.

#9 · கருவிக்கூடம்

தம்பி, கொள்கை அழகாக இருக்கிறது. ஆனால் நான் பராமரிக்கும் புரோகிராமில் பதினைந்துக்கும் மேற்பட்ட விண்டோக்கள். ஒன்று அலைவரைபடம், ஒன்று எச்சரிக்கைப் பட்டியல், மற்றவை அளவீடுகள். வேலை செய்பவர் அவற்றை ஒரு ஒழுங்கில் அடுக்கி, அந்த ஒழுங்குக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்கிறார். வேறு வேலைக்கு வேறு அடுக்கு. எச்சரிக்கை எப்போதும் வலது மேல் மூலையில்தான் இருக்க வேண்டும், கண் பழகிய இடம் அது.

கம்பாசிட்டருக்கு எந்த விண்டோ எச்சரிக்கை, எது வரைபடம் என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே புரோகிராமின் விண்டோக்கள். தலைப்பும் மாறிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு நெறிமுறை வேண்டும் என்று வேலேண்ட் பக்கம் பல வருடமாக விவாதித்து வந்திருக்கிறார்கள்: புரோகிராம் எண்களைச் சொல்லாது, ஒவ்வொரு விண்டோவுக்கும் மாறாத ஒரு பெயர் கொடுக்கும். "எச்சரிக்கை என்ற பெயருடையது இதோ, முன்பு எங்கே இருந்ததோ அங்கே வை" என்று கேட்கும். அது எல்லா இடத்திலும் கிடைத்தால் உங்கள் கட்சியில் நானும் சேருவேன். அதுவரை வேலை செய்பவர்களை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை.

#10 · பென்குவின்_தம்பி

பெயர் சொல்லிக் கேட்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. நான் எதிர்ப்பது எண்களைத்தான்.

#11 · மின்வலை

எல்லாரும் "அந்த மானிட்டர்" என்கிறீர்கள். அது அதே மானிட்டர்தான் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? பாதிச் சிக்கல் அங்கேதான்.

ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றி ஈடிஐடி (EDID) என்ற ஒரு சிறு தகவல் துண்டைக் கேபிள் வழியே கொடுக்கும். அடிப்படைத் துண்டு 128 பைட்தான். தயாரித்தவர் குறியீடு, மாடல் எண், வரிசை எண், எந்தெந்த அளவுகளில் காட்ட முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். க்னோமில் ஹோம் ஃபோல்டரின் .கான்ஃபிக் உள்ளே மானிட்டர்ஸ் டாட் எக்ஸ்எம்எல் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். நீங்கள் இதுவரை சேர்த்து அமைத்த ஒவ்வொரு மானிட்டர் கூட்டணிக்கும் ஒரு பகுதி இருக்கும், ஒவ்வொன்றிலும் வெண்டர், பிராடக்ட், சீரியல் என்று வரிகள். விண்டோஸும் இப்படியே ஒவ்வொரு கூட்டணிக்கும் தனிக் குறிப்பை ரிஜிஸ்ட்ரியில் வைக்கிறது.

வரிசை எண்ணை நிரப்பாமல் விற்கப்படும் மானிட்டர்கள் உண்டு. ஒரே மாடலில் இரண்டு வாங்கி, இரண்டிலும் வரிசை எண் பூஜ்யம் என்றால் சிஸ்டத்துக்கு அவை இரட்டைப் பிள்ளைகள். எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். டாக் (பல போர்ட்டுகள் உள்ள இணைப்புப் பெட்டி) வழியாக இணைத்தால் அந்த போர்ட் எண்ணும் சில நேரம் மாறும். இடமும் வலமும் மாறிப்போவது இப்படித்தான். நடுவில் உள்ள ஸ்விட்ச் பெட்டி தகவலை மறித்தால் இன்னும் மோசம்.

இருதிரை, டாக் வைத்திருந்தால் அதில் எப்போதும் ஒரே ஓட்டையில் ஒரே கேபிளைச் செருகுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பலன் தெரியும்.

#12 · பழைய_வட்டு

இவ்வளவும் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செட்டிங்ஸ் என்ற ஒரே பையில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எழுத்து அளவு 14 வேண்டும் என்று நான் தேர்ந்தெடுத்தது ஒன்று. விண்டோவை எங்கே விட்டேன், கடைசியாக எந்த ஃபைலைத் திறந்தேன், பக்கப்பட்டியின் அகலம் என்ன என்று புரோகிராம் தானாகக் குறித்துக்கொண்டது இன்னொன்று. முன்னது என்னுடைய விருப்பம், எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் என்னோடு வர வேண்டும். பின்னது இந்த மேசை, இந்தத் திரைகள் உள்ளவரைதான் செல்லும்.

விண்டோஸில் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங், லோக்கல் என்று இரண்டு இருப்பது இதற்காகத்தான். லினக்ஸ் பக்கம், புரோகிராம்கள் எதை எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி விதிமுறையில் செட்டிங்ஸுக்கு .கான்ஃபிக் இருந்தது, பின்னதற்கு ரொம்ப காலம் தனி இடம் இல்லை. 2021ல்தான் .லோக்கல் கீழே ஸ்டேட் என்று தனி இடம் கொடுத்தார்கள். விண்டோவின் தோற்றம், திறந்திருந்த ஃபைல்கள் போன்றவை அங்கே போக வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. தங்கள் கான்ஃபிக் ஃபைல்களை, ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் (git) புரோகிராமில் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், விண்டோவை ஒரு அங்குலம் நகர்த்தியதற்கெல்லாம் ஃபைல் மாறியதாகக் காட்டும் எரிச்சல் புரியும். இன்னும் பல புரோகிராம்கள் பிரிக்கவே இல்லை.

#13 · மடிப்பான்

ஃபோல்டர்களின் நினைவு பற்றிக் கொஞ்சம். விண்டோஸ் எக்ஸ்புளோரர் ஒவ்வொரு ஃபோல்டரையும் எப்படிப் பார்த்தீர்கள் (பட்டியலா, பெரிய ஐகானா, எதை வைத்து வரிசை) என்பதை ரிஜிஸ்ட்ரியில் வைக்கிறது. எக்ஸ்பியில் இயல்பாக 400 ஃபோல்டர்கள் வரைதான், விஸ்டாவிலிருந்து 5000. எண்ணிக்கை நிரம்பினால் பழையது போகும். "என் ஃபோல்டர் அமைப்பு தானாக மாறிவிட்டது" என்று எக்ஸ்பி காலத்தில் பலர் தவித்ததற்கு அது ஒரு காரணம்.

ஃபோல்டரை அழித்தாலும் இந்தக் குறிப்பு உடனே அழியாது. தடயவியல் ஆய்வு செய்பவர்கள் இதை ஷெல்பேக் என்பார்கள். அழிக்கப்பட்ட ஃபோல்டர், கழற்றிப்போன பென்டிரைவில் இருந்த ஃபோல்டர் எல்லாம் அங்கே பெயரோடு கிடைக்கும். மேக் இதையே .டிஎஸ்_ஸ்டோர் என்று ஃபோல்டருக்குள்ளேயே எழுதுகிறது. அதனால்தான் மேக்கில் போட்டு எடுத்த பென்டிரைவில் அந்த ஃபைல் ஒட்டிக்கொண்டு வருகிறது. கம்ப்யூட்டரை வேறொருவருக்குக் கொடுக்கும் முன் இதெல்லாம் நினைவில் இருக்கட்டும்.

#14 · கருவிக்கூடம்

எப்போது எழுதுவது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். மூடும்போது மட்டும் எழுதினால், மின்சாரம் போனாலோ புரோகிராம் நொறுங்கினாலோ அன்று அடுக்கியது எல்லாம் போச்சு. ஒவ்வொரு அசைவுக்கும் எழுதினால் இழுக்கும்போதே நூற்றுக்கணக்கில் எழுத வேண்டியிருக்கும். நகர்த்துவது நின்று ஒரு நொடி கழித்து எழுதுவதே நடைமுறையில் சரிவருகிறது.

எழுதும் விதமும் முக்கியம். பழைய ஃபைலின் மேலேயே எழுதக் கூடாது. புதிய ஃபைலில் எழுதி, அது வட்டில் இறங்கியதை உறுதி செய்து, பிறகு பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். 2009ல் லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் புதிதாகப் பரவியபோது, சிஸ்டம் திடீரென நின்றால் கேடிஈ, க்னோம் டெஸ்க்டாப்களின் செட்டிங்ஸ் ஃபைல்கள் 0 பைட்டாகக் கிடந்தன. அந்த ஃபைல் சிஸ்டம் தரவை வட்டில் இறக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், புரோகிராம்களோ இறங்கியதா என்று உறுதி செய்யாமல் விட்டன. பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் லினக்ஸ் கெர்னல் 2.6.30ல் பெயர் மாற்றும்போது தரவைச் சீக்கிரம் இறக்கும்படி செய்தார்கள்.

#15 · உருப்பெருக்கி

நான் திரையை நான்கு மடங்கு பெரிதாக்கித்தான் படிக்க முடியும். அதாவது எந்த நேரத்திலும் திரையின் ஒரு சின்னப் பகுதிதான் என் கண்ணில். ஒரு விண்டோ எங்கே திறக்கிறது என்பது மற்றவர்களுக்கு வசதி சார்ந்தது. எனக்கு அது இருக்கிறதா இல்லையா என்பதே அதைப் பொறுத்தது. இடம் மாறித் திறந்தால் திரை முழுக்க ஊர்ந்து தேட வேண்டும். இப்போது லினக்ஸில் கேடிஈ, வேலேண்டில் ஓடுகிறது. குறிப்பிட்ட சில விண்டோக்கள் எப்போதும் ஒரே இடத்தில் திறக்க வழி உண்டா?

#16 · பென்குவின்_தம்பி

உண்டு. இடத்தை முடிவு செய்வதே கேடிஈயின் கம்பாசிட்டரான கேவின் என்பதால் வேலேண்டிலும் நடக்கும். அந்த விண்டோவின் தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து, கூடுதல் செயல்கள் என்ற பகுதியில் இந்த விண்டோவுக்கான சிறப்பு அமைப்புகளைத் திறங்கள். அங்கே 'இடம்' என்பதைச் சேர்த்தால் பக்கத்தில் எப்படி என்று ஒரு தேர்வு கேட்கும்.

"நினைவில் வை" என்று கொடுக்காதீர்கள், கடைசியாக விட்ட இடத்தைத்தான் பிடிக்கும், தவறிப்போய் நகர்த்தினால் அதுவே நிலைத்துவிடும். "கட்டாயப்படுத்து" என்றால் பிறகு நகர்த்தவே முடியாது. உங்களுக்கு ஏற்றது "தொடக்கத்தில் மட்டும்". ஒவ்வொரு முறையும் நீங்கள் கொடுத்த எண்ணில் திறக்கும், அதற்குப் பிறகு உங்கள் விருப்பம். ஒரே புரோகிராமின் எல்லா விண்டோவுக்கும் பொருந்தாமல் இருக்க, விண்டோவின் தலைப்பையும் பொருத்தத்தில் சேருங்கள். தலைப்பு மாறிக்கொண்டே இருந்தால் அதில் மாறாத ஒரு சொல்லை மட்டும் கொடுத்து, 'இதைக் கொண்டுள்ளது' என்று வையுங்கள்.

ஆம், நானே எண்களைக் கொடுக்கச் சொல்கிறேன். அதைக் கேட்பவர் பயனர் என்பதால் அது முழுக்கச் சரி.